கொழும்பு நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்க அனுப்பும் ஆன்லைன் கோடிங் டெஸ்ட்டில், கேள்வியோடு காட்டும் மாதிரிச் சோதனை எல்லாம் சரியாக வந்தும் ஏன் புள்ளி குறைகிறது?

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிற தம்பி, தங்கைகள் பலரும் கேட்கிற கேள்வி இது. ஹேக்கர்ராங்க், கோடிலிட்டி போன்ற தளங்களில் நீங்கள் பார்க்கும் மாதிரிகள் சிலதான். புள்ளி வருவது பெரும்பாலும் மறைத்து வைத்த சோதனைகளில் இருந்து. வெற்றுப் பட்டியல், மறை எண்கள் (சைபருக்குக் குறைந்தவை), ஒரே எண் திரும்பத் திரும்ப வருவது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்தது வேகம். கூட்டினால் குறித்த தொகை வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். பட்டியலில் 1,00,000 எண்கள் இருந்தால், லூப்புக்குள் லூப் போட்டு ஒவ்வொரு சோடியாகப் பார்க்க ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடு. நேரம் முடிந்துவிடும். பார்த்த எண்களை ஹாஷ் டேபிளில் (ஒரு எண் ஏற்கெனவே வந்ததா என்று உடனே சொல்லும் அட்டவணை) போட்டுக்கொண்டே போனால் ஒரே சுற்றில் வேலை முடியும். அதனால் கேள்வியின் கடைசியில் தரும் எல்லைகளை (எத்தனை எண்கள் வரலாம் என்பது போன்றவை) முதலில் வாசியுங்கள். எந்த வழி தேவை என்பதை அதுவே சொல்லிவிடும்.

முழுவிடை வராவிட்டாலும் மெதுவான, சரியான விடையை அனுப்புங்கள். பல டெஸ்ட்களில் பகுதிப் புள்ளி உண்டு. டெஸ்ட் நடக்கும்போது பிரவுசரில் வேறு டேப் திறப்பதையும் அந்தத் தளம் பதிவு செய்யலாம், விதிகளைப் பாருங்கள்.

அப்புறம் இணைப்பு. கடிகாரம் ஓடத் தொடங்கினால் பொதுவாக நிற்காது. மடிக்கணினிக்கு முழு சார்ஜ், பக்கத்தில் போன் டேட்டா, இரண்டும் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், இந்த டெஸ்ட் பயிற்சியைத்தான் அளக்கிறது. நல்ல மென்பொருள் எழுதுகிற பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.