கள்ளுக் காடிக்கு வறுத்த மரத்துண்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டிலேயே சாராயம் வடித்து, கருக்கிய ஓக் துண்டை அதில் ஊறப் போடலாமா? (வண்ணாமடை வாசகர்)

உரிமம் இல்லாமல் வடிப்பது கேரளத்தில் அப்காரிச் சட்டப்படியும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படியும் குற்றம். ஆகவே அதற்கு நான் வழி சொல்வதில்லை. ஆனால் மரத்தைப் பக்குவப்படுத்தும் கலை மதுவுக்கு மட்டும் உரியதன்று. பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளின் தென்னங்கள் புளித்துக் கிடைக்கும் காடிக்கு (வினிகருக்கு), மலையாளத்தார் சொறுக்கா என்பதற்கு, அது அழகாகப் பொருந்தும். இத்தாலியின் மோதெனாவில் திராட்சைச் சாற்றிலிருந்து செய்யும் பாரம்பரிய பால்சாமிக் காடியை ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி முதலிய மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டுகள் முதிர வைக்கிறார்கள்.

கேள்வி: வறுப்பதும் கருக்குவதும் ஒன்றுதானே? (கொழிஞ்சாம்பாறை வாசகி)

இல்லை, அம்மா. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வறுக்கும்போது மரத்தில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் மெதுவான சூட்டில் சிதைந்து சர்க்கரைகளாகி, அவை பழுப்பேறி, காய்ச்சிய வெல்லத்தின் மணத்தைத் தருகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதையும்போது வனிலாவின் மணப்பொருளான வனிலின் பிறக்கிறது. 180 டிகிரி செல்சியஸ் அளவில் ஓக்கின் இயல்பான தேங்காய்ச் சாயல் மேலோங்கி நிற்கும். 200 டிகிரியை ஒட்டி வனிலா மணம் கூடும். 220-ஐத் தாண்டினால் காப்பிக்கொட்டை வறுத்த மணமும் புகைவாடையும் ஏறும். கருக்குவது என்பது மேற்பரப்பை நேரடித் தீயில் கரியாக்குவது. அந்தக் கரி மணம் தருவதைவிடக் கந்தக வாடை போன்றவற்றை உறிஞ்சி எடுக்கும் வேலையையே செய்கிறது. அமெரிக்க பர்பன் விஸ்கியைக் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. பீப்பாய்க்காரர்கள் பொதுவாக 15 முதல் 55 விநாடி வரை உட்புறத்தை எரியவிடுகிறார்கள். காடிக்குக் கருக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து, ஏனெனில் கரித்தூள் உதிர்ந்து தெளிவைக் கெடுக்கும்.

விரல் பருமனுள்ள காய்ந்த துண்டுகளை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, 200 டிகிரி சூடுள்ள அடுப்புப் பெட்டியில் (ஓவனில்) இரண்டு மணி நேரம் வையுங்கள். அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள் கடலை வறுப்பதுபோல் மணல் சட்டியில், வெப்பமானி வைத்துப் பார்த்து வறுக்கலாம். ஒரு துண்டைப் பிளந்தால் உள்ளும் புறமும் கருப்பட்டி நிறத்தில் ஒரே சீராக இருக்க வேண்டும்; வெளியே கறுத்து உள்ளே வெளுத்திருந்தால் சூடு அவசரப்பட்டது என்று பொருள்.

கேள்வி: நெல்லியாம்பதித் தோட்டத்திலிருந்து சில்வர் ஓக் விறகு கிடைக்கிறது. அது உதவுமா? (கொல்லங்கோடு வாசகர்)

உதவாது, தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள். பெயரில் ஓக் இருந்தாலும் தேயிலைக்கும் காப்பிக்கும் நிழலாகவும், மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் நடப்படும் அம்மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்தது. அதைக் கையாளும் சிலருக்குத் தோலில் கொப்புளம் வருவதும் உண்டு. மது, காடித் தொழிலுக்கென விற்கப்படும் ஓக் துண்டுகளையே வாங்குங்கள்.

கேள்வி: பலா, தேக்கு, பழைய பலகைப் பெட்டி?

பலாவின் வைரம் (நடுக்கட்டை) துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றும் மரம், ஆகவே காடியும் மஞ்சளாகும், மணமும் குறைவு. தேக்கில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. பூச்சி மருந்தோ வர்ணமோ பூசிய பலகையும், எட்டி, அரளி போன்ற நச்சு மரங்களும் கூடவே கூடாது.

கேள்வி: எவ்வளவு போடுவது, எத்தனை நாள்?

புளிப்பு முழுமையாக ஏறி, ஏடு நீக்கி வடிகட்டிய பிறகே மரம் போட வேண்டும். ஒரு லிட்டருக்கு 4 கிராம் போதும். துண்டுகளை வெந்நீரில் ஒருமுறை அலசிக் கண்ணாடிக் குப்பியில் இடுங்கள். அமிலம் அரிக்கும் என்பதால் இரும்பு மூடி வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு துளி சுவைத்து, நாக்கில் துவர்ப்புத் தட்டத் தொடங்கிய அன்றே துண்டுகளை எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் சாறு வேகமாக இறங்கும், ஆகவே பங்குனி, சித்திரையில் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது.