நாய்க்குட்டிக்கு வயிறு சரியாகவே மாட்டேங்குதா? கேள்விகளும் பதில்களும்

இருபத்து நாலு வருடமாக நாய், பூனைக்கு வைத்தியம் பார்க்கிறேன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே மாதிரி: “மருந்து கொடுத்தா நிக்குது, விட்டா மறுபடி ஆரம்பிக்குது.” குட்டிக்கு ஒருநாள் வயிறு கெடுவது சகஜம். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ அது சகஜம் இல்லை. உள்ளே ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தேடாமல் கழிச்சலை மட்டும் நிறுத்திக்கொண்டே போனால் குட்டி இளைத்துப் போகும். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கோவை: லேப்ரடார் (லேப்) குட்டி, மூணு மாசம். வீட்டுக்கு வந்து ஒன்றரை மாசம் ஆச்சு, முழுசா ஒரு வாரம் கெட்டியா போனதே இல்லை. நாலு கம்பெனி உணவு மாத்திட்டோம். பூச்சி மருந்து ரெண்டு தடவை, மெட்ரோனிடசோல்ங்கிற ஆன்டிபயாடிக் ரெண்டு தடவை கொடுத்தாச்சு. அடுத்து என்ன உணவு கொடுக்கலாம் டாக்டர்?

அடுத்த உணவைத் தேடாதீர்கள். இவ்வளவும் செய்திருக்கிறீர்கள், ஆனால் மலத்தை ஒருமுறைகூட மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததாக எழுதவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பூச்சி மருந்து கொடுத்துவிட்டால் வயிறு சுத்தம் என்று எல்லோரும் நம்புகிறோம். நாம் ஒரே ஒரு வேளை கொடுக்கும் அந்த மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழுவுக்கானது. குட்டிகளை வாரக்கணக்கில் படுத்துவது பல நேரம் ஜியார்டியா, காக்சிடியா என்ற ஒற்றைச்செல் உயிரிகள். ஒரே வேளை மாத்திரையில் இவை போகாது. ஜியார்டியாவுக்கு மருந்து கொடுக்கும் நாள் கணக்கே வேறு, காக்சிடியாவுக்கு வேறு மருந்து.

போன மழைக்காலத்தில் இதே வயதில் ஒரு லேப் குட்டி வந்தது. மேசை மேலேயே கழிந்துவிட்டது. பச்சை கலந்த மஞ்சள், கொழகொழவென்று, மேலே ஜெல்லி பூசினாற்போல் சளி. சூடு ஆறுவதற்குள் ஒரு துளியை உப்புநீரில் கலந்து கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். பேரிக்காய் வடிவம், அதில் இரண்டு கண் வைத்த மாதிரி. மரத்திலிருந்து உதிரும் இலை புரண்டு புரண்டு இறங்குமே, அப்படி நகர்ந்து போனது. வளர்த்த பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு வாரமாக அவர்கள் வீட்டில் அரிசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜியார்டியா தினமும் மலத்தில் தெரியாது. ஒருநாள் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் அதோடு விடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை பார்க்க வேண்டும், அல்லது ஆன்டிஜென் கிட்டில் பார்க்கச் சொல்லுங்கள். இருக்கிறது என்று தெரிந்தால் ஃபென்பெண்டசோல் மருந்தை எடைக்கேற்ப மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து கொடுப்பார்கள். பாதிப் பேர் அடுத்த விஷயத்தில்தான் தோற்கிறார்கள்: குட்டியின் பின்பக்க முடியில் அந்தக் கிருமி முட்டை போல ஒட்டியிருக்கும், நக்கும்போது திரும்ப உள்ளே போகும். ஆகவே மருந்து முடியும் நாளில் வாலடி, பின்னங்கால் எல்லாம் நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டித் துவட்டுங்கள். மலத்தை உடனே எடுத்துவிடுங்கள். தட்டில் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள். படுக்கும் இடம் ஈரமாகவே இருக்கக் கூடாது.

மெட்ரோனிடசோல் கொடுத்தால் குடலின் வீக்கம் கொஞ்ச நாள் அடங்கும். அதனால்தான் ‘நிக்குது’. கூடவே குடலில் இருக்க வேண்டிய நல்ல பாக்டீரியாவும் கலைந்துவிடும். மூன்றாவது தடவை நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

உணவுக்கு வருகிறேன். நாலில் எது ஓரளவு ஒத்துக்கொண்டதோ அந்தக் குட்டி உணவுக்கே திரும்புங்கள். கால் பங்கில் ஆரம்பித்து ஏழு முதல் பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். அதன் பிறகு அதைத் தொடாதீர்கள். அளவைக் கண்ணால் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். லேப் எப்போதும் பசித்த முகத்தோடுதான் நிற்கும். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு கைப்பிடி போடுவதாலேயே மலம் இளக்கமாகப் போகும் குட்டிகள் ஏராளம். ஒருநாள் அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

மதுரை: பால்ல பிஸ்கட் நனைச்சுத்தான் கொடுக்கிறோம். எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான். இதனாலயா?

இதனாலும் இருக்கலாம். பால்குடி மறந்த பிறகு குட்டியின் உடம்பில் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் தண்ணீரை இழுக்கும், நீராகப் போகும். பத்து நாள் பாலையும் பிஸ்கட்டையும் அறவே நிறுத்திப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். தயிரில் பால் சர்க்கரை குறைவு என்பதால் பல குட்டிகளுக்கு ஒரு ஸ்பூன் ஒத்துக்கொள்ளும். ஆனால் தயிர் சாதம் மட்டுமே சாப்பாடாக இருந்தால் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது.

யாழ்ப்பாணம்: டொக்டர், எங்கட குட்டிக்கு ஒன்றரை மாசம். வயித்தோட்டம் போகுது, தார் மாதிரிக் கறுப்பா. ரெண்டு நாளா எழும்பி விளையாடுறதில்ல. முரசு (ஈறு) வெளிறிக் கிடக்கு. பூச்சிக் குளிசை இன்னும் குடுக்கேல்ல. இப்ப குடுத்தாச் சரி வருமோ?

குளிசைக்கு முன் இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கறுப்பு மலமும் வெளிறிய முரசும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது கொக்கிப்புழு. அது குடற்சுவரில் கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இந்த வயதுக் குட்டியின் உடம்பில் இருப்பதே கொஞ்ச இரத்தம். சில குட்டிகளுக்கு இரத்தம் ஏற்றினால்தான் மருந்து வேலை செய்யும் வரை தாங்கும்.

தாய்ப்பால் வழியாகவே கொக்கிப்புழு குட்டிக்குள் வந்துவிடும். உருண்டைப்புழு இன்னும் முந்தி, கருவில் இருக்கும்போதே வரும். அதனால்தான் இரண்டு வார வயதில் புழு மருந்தைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எட்டு வாரம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுக்கச் சொல்கிறோம். மருந்து சாகடிப்பது குடலில் இருக்கும் புழுவை மட்டும். உடம்புக்குள் சுற்றும் இளம்புழு பிறகுதான் குடலுக்கு வந்து சேரும். கூடப் பிறந்த குட்டிகளுக்கும் தாய்க்கும் சேர்த்து மருந்து கொடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் மலம் கிடந்த மண்ணில் வெறுங்காலோடு விளையாட விடாதீர்கள். இந்தப் புழுக்கள் மனிதர்களையும் தொற்றும்.

திருநெல்வேலி: சிப்பிப்பாறை குட்டி, ஆறு மாசம். விலா எலும்பு தெரியுது. எப்பவாவது ஒருநாள் இளக்கமா போகும். சத்து பிடிக்கலையோன்னு பயமா இருக்கு.

அது ஓடப் பிறந்த இனம், உடல்வாகே அப்படித்தான். விலா லேசாகத் தெரிந்து, தொடையில் சதை பிடித்து, முடி பளபளப்பாக, எடை மாதாமாதம் ஏறினால் பயம் வேண்டாம். சத்து ஏற்றுகிறேன் என்று நெய்யும் முட்டையுமாகக் கொடுத்தால்தான் வயிறு கெடும்.

சென்னை: ஜெர்மன் ஷெப்பர்ட், ஒன்பது மாசம். எவ்வளவு போட்டாலும் சாப்பிடுறான், ஆனா எலும்பும் தோலுமா இருக்கான். மலம் குவியல் குவியலா, வெளிறிப்போய், எண்ணெய் பிசுக்கோட. சில நேரம் அதையே சாப்பிட்டுடறான். அடிச்சும் கேக்க மாட்டேங்கிறான்.

தயவுசெய்து அடிக்காதீர்கள். அவனுக்கு நிஜமாகவே பசிக்கிறது. உள்ளே போவது உடம்பில் சேராததால் எதைக் கண்டாலும் சாப்பிடுகிறான்.

நீங்கள் சொன்ன எல்லாம் கணையத்தைக் காட்டுகிறது. உணவைச் செரிக்கும் நொதிகளைக் கணையம் போதுமான அளவு சுரக்காமல் போவது ஜெர்மன் ஷெப்பர்டில் பரம்பரையாக அதிகம் பார்க்கும் நோய். முதலில் புழுவும் ஜியார்டியாவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, டிஎல்ஐ என்ற இரத்தப் பரிசோதனை கேளுங்கள். இரவு முழுக்கப் பட்டினி போட்டுக் காலையில் இரத்தம் எடுப்பார்கள். அதே இரத்தத்தில் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், இவர்களுக்கு அது பெரும்பாலும் குறைந்திருக்கும். நோய் உறுதியானால் ஒவ்வொரு வேளை சாப்பாட்டிலும் நொதிப் பொடி கலந்து ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும். செலவுதான். ஆனால் பொடி ஆரம்பித்துச் சில வாரத்தில் தொடையில் சதை திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

சேலம்: ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை கொஞ்சம் கொஞ்சமா போறா. முக்கி முக்கி, கடைசில சளியோட ஒரு சொட்டு ரத்தம். ஆனா நல்லா ஓடியாடுறா, சாப்பிடுறா. இது பார்வோவா?

நாலு மாதம், தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். பார்வோ என்பது குடலைத் தாக்கும் வைரஸ் நோய், ஓடியாடிச் சாப்பிடும் குட்டிக்கு அது இருப்பது அரிது. அடிக்கடி, கொஞ்சமாக, சளியோடு, முக்கிப் போனால் தொல்லை பெருங்குடலில். நிறையவாக, தண்ணீராக, இரண்டு மூன்று முறை போய் எடையும் குறைந்தால் சிறுகுடலில். இந்த வித்தியாசத்தைச் சொன்னாலே உங்கள் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

மலப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டு மூன்று நாளைக்குத் தோலும் எலும்பும் இல்லாத வேகவைத்த கோழியோடு குழைந்த சாதம் கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு ஸ்பூன் சேர்த்தால் பெருங்குடலுக்கு நல்லது. மனிதர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை, வலி மாத்திரை ஒன்றும் வேண்டாம்.

வாந்தி சேர்ந்தாலோ, சோர்ந்து படுத்தாலோ, இரத்தம் கூடினாலோ, ஒருவேளைக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ அன்றே காட்டுங்கள். வாந்தி எடுக்கும் குட்டிக்கு வயிற்றைத் தடவும்போது உள்ளே சாசேஜ் போல நீளமாகக் கையில் தட்டுப்பட்டால் ராத்திரி ஆனாலும் கிளம்புங்கள். நீண்ட கழிச்சலில் குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் சொருகிக்கொள்வது உண்டு, அதற்கு அறுவை சிகிச்சைதான். மாங்கொட்டை விழுங்கி அடைத்தாலும் அவசரம் இதே அளவுதான்.

புதுச்சேரி: சிக்கன் சாதம்தான் ஒத்துக்குது. ரெண்டு மாசமா அதேதான் கொடுக்கிறோம். தொடரலாமா?

வேண்டாம். கறியிலும் அரிசியிலும் கால்சியம் மிகக் குறைவு. வளரும் குட்டி அதைத் தன் எலும்பிலிருந்தே எடுக்கும். கால் வளைந்து, சின்னக் குதியலில் எலும்பு உடைந்து வந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். நொண்டுகிறதா என்று இன்றே கவனியுங்கள். மற்ற உணவு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒவ்வாமை இருக்கலாம். புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்த முழுமையான உணவு கிடைக்கிறது. டாக்டரைக் கேட்டு அதை மட்டும், வேறு ஒரு துண்டு பிஸ்கட்கூட இல்லாமல் கொடுத்தால், வயிற்று ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பதில் சொல்லிவிடும்.

திருச்சி: போன மாசம் எங்க குட்டி பார்வோல போயிட்டா. அஞ்சு நாள் அட்மிட் பண்ண வசதி இல்லை, அதனாலதான் போயிட்டாளோன்னு மனசு அறுக்குது. இப்ப இன்னொரு குட்டி எடுக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பார்வோ குடலின் உள்தோலையும் வெள்ளணுக்களையும் ஒரே நேரத்தில் அழிக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் படுத்த குட்டிகளும் இறக்கின்றன. நீங்கள் கைவிட்டதால் அவள் போகவில்லை.

வசதியைப் பற்றி மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்வோ வந்த நாய்களில் ஒரு பாதியை உள்நோயாளியாகவும், மறு பாதியைத் தினமும் தோலடியில் திரவம், வாந்தி நிறுத்தும் ஊசி, நீண்டநாள் ஆன்டிபயாடிக் ஊசி என்று வெளிநோயாளி முறையிலும் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவு: உள்ளே இருந்தவற்றில் 90 சதவீதம், வெளிநோயாளிகளில் 80 சதவீதம் பிழைத்தன. அட்மிட் செய்ய முடியாதவர்கள் ‘வேறு வழி இல்லையா’ என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். வழி உண்டு.

புதுக் குட்டி விஷயத்தில் அவசரம் வேண்டாம். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூட இருக்கும். டெட்டால், பினாயிலை நம்பாதீர்கள். தரையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மண் தரையை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. எடுப்பதாக இருந்தால் பதினாறு வார வயது தாண்டி, தடுப்பூசி வரிசை முடிந்த குட்டியாக எடுங்கள். கடைசி ஊசியைப் பதினாறு வாரத்துக்கு முன் நிறுத்தக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குட்டிகளில் அதுவரை இருந்து தடுப்பூசியை வேலை செய்ய விடாது.

ஓசூர்: மலம் கொண்டு வரச் சொல்றாங்க. எவ்வளவு, எதுல, எப்படி எடுக்கணும்?

புளியங்கொட்டை இரண்டு அளவு போதும். அன்று காலை போனதாக இருக்க வேண்டும். மண் ஒட்டாத மேல்பகுதியைச் சுத்தமான சின்ன டப்பாவில் எடுத்து மூடுங்கள், கடைகளில் கிடைக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் கொண்டுபோக முடியாவிட்டால் இரண்டு கவரில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை போனது, என்ன சாப்பிட்டது, கடைசியாக எந்தப் பூச்சி மருந்து எந்தத் தேதியில் என்று ஒரு காகிதத்தில் எழுதி டப்பாவோடு கொடுங்கள். சனிக்கிழமை எடுத்ததைத் திங்கட்கிழமை கொண்டுபோகாதீர்கள், அதற்குள் புழு முட்டை பொரித்துவிடும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.