மேல இருக்கிற பெட்டிய ஆர் இழுக்கிறது?

சாம்பல்தீவில இருந்து உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒண்டு கேட்டிருக்கு: "சேர், ஒப்பமான மேசையில 3 கிலோ கட்டை, அதுக்கு மேல 2 கிலோ கட்டை, ரெண்டுக்கும் இடையில உராய்வுக் குணகம் 0.4. கீழ்க்கட்டைய 10 நியூட்டனால இழுத்தா உராய்வு எவ்வளவு? நான் 8 எண்டு போட்டன், விடையில 4 எண்டு கிடக்கு. உராய்வு இயக்கத்த எதிர்க்கும் எண்டுதானே படிச்சம், மேல்கட்டையில முன்பக்கமா அம்புக்குறி போட்டிருக்கு, அச்சுப் பிழையா?"

பிழை இல்ல பிள்ளை. நான் படிக்கக்குள்ள நானும் இதே ரெண்டு இடத்திலதான் தடக்குப்பட்டனான்.

முதல்ல அந்த 8. 0.4 × 2 × 10 = 8 (0.4 குணகம், 2 மேல்கட்டையின்ட திணிவு, 10 புவியீர்ப்புக்குரிய g, இழுக்கிற 10 நியூட்டன் இல்ல), கணக்குச் சரி, ஆனா அது எல்லை உராய்வு, அதாவது அந்த ரெண்டு மேற்பரப்பும் ஆகக்கூடத் தாங்கக்கூடியது. அம்மா கடைக்கு ஆயிரம் ரூபா தந்து விட்டா ஆயிரத்துக்கும் சாமான் வாங்கோணும் எண்டில்லத்தானே, தேவையானதுக்குத்தான் செலவழிப்பீங்க, நிலையியல் உராய்வும், அதாவது வழுக்க முதல் இருக்கிற உராய்வும், அப்பிடித்தான். அப்ப தேவை எவ்வளவு? ரெண்டும் ஒண்டாப் போகுது எண்டு முதல்ல எடுங்கோ. மொத்தம் 5 கிலோ, விசை 10, அப்ப ஆர்முடுகல், அதாவது வேகம் கூடுற வீதம், 10/5 = 2. மேல்கட்டை 2 கிலோ, அது 2 ஆர்முடுகலோட போக 4 நியூட்டன் வேணும், அதக் குடுக்க உராய்வ விட்டா வேற ஆளில்ல. 4 எண்டது 8ஐ விடக் குறைவு, அதால நாம எடுத்துக்கொண்டது சரி, வழுக்காது. இந்தக் கடைசி வரிய எழுதாமத்தான் கனபேர் புள்ளிய விடுறது.

மற்றது அம்புக்குறி. மீன் சந்தைப் பக்கம் விடியக் காலையில போனா லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) இழுக்கிற வண்டியில ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டிகள ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கிக் கொண்டு போறதப் பார்த்திருப்பீங்க. வண்டி வெளிக்கிடக்குள்ள மேல்பெட்டிய ஆரும் கயிறு கட்டி இழுக்கேல்ல, ஆனா அதுவும் முன்னுக்குப் போகுது, ஏனெண்டா கீழ்ப்பெட்டி உராய்வால அத முன்னுக்குத் தள்ளுது. உராய்வு எதிர்க்கிறது இயக்கத்த இல்ல, ஒண்டுக்கு மேல ஒண்டு வழுக்கப் பார்க்கிறத. உராய்வே இல்லாட்டி மேல்பெட்டி நிண்ட இடத்திலயே நிக்கும், கீழ்ப்பெட்டியில இருந்து பார்த்தா பின்னுக்கு வழுக்கின மாதிரி, அதத் தடுக்கத்தான் அம்புக்குறி முன்னுக்கு. உங்கட கணக்கில கீழ்க்கட்டைக்கு அதே 4 நியூட்டன் பின்னுக்கு, நியூட்டன்ட மூண்டாம் விதி. சடுதியா பிரேக் போட்டா ரெண்டு அம்புக்குறியும் திரும்பும்.

இதில எனக்குப் பிடிச்ச விசயம் ஒண்டு இருக்கு. மேல்பெட்டி வழுக்காமத் தாங்கக்கூடிய ஆகக்கூடின ஆர்முடுகல் 0.4 × 10 = 4, அதில திணிவே வராது, வெட்டுப்பட்டுப் போகும். பாரமான பெட்டி வழுக்காது எண்டு நினைச்சுத் துணிவா பிரேக் அடிக்கேலாது, மேற்பரப்பு ஒரே மாதிரி எண்டா மீன் நிறைஞ்ச பெட்டியும் வெறும் பெட்டியும் ஒரே இடத்திலதான் வழுக்கத் தொடங்கும். ஐஸ் தண்ணி வடிஞ்சு இடையில ஈரமானா குணகம் குறையும், அது வேற கதை.

உங்கட கணக்கில எல்லை 5 × 4 = 20 நியூட்டன். அதுக்கு மேல இழுத்தா வழுக்கும், பிறகு இயக்க உராய்வுக் குணகத்தப் போட்டு ரெண்டு கட்டையையும் தனித்தனியாச் செய்யோணும்.

அதே விசைய மேல்கட்டையில குடுத்தா? இங்கதான் பேப்பரில மாட்டிவிடுவாங்கள். இப்ப உராய்வு கீழ்க்கட்டைய இழுக்கோணும், அது 3 கிலோ, 8 நியூட்டனால ஆகக்கூட 8/3 ஆர்முடுகல்தான் வரும், அப்ப எல்லை 5 × 8/3, கிட்டத்தட்ட 13.3 நியூட்டன். 20 எண்டு பாடமாக்கினவர் அம்போ.

நம்பிக்கை வராட்டி சீ ஆர் கொப்பிக்கு (தடிச்ச மட்டைக் கொப்பி) மேல கல்குலேட்டர வச்சு மெதுவா ஒருக்கா, வெடுக்கெண்டு ஒருக்கா இழுத்துப் பாருங்கோ. குணகமும் வேணுமெண்டா கொப்பிய ஒரு பக்கம் மெல்ல மெல்ல உயர்த்துங்கோ, கல்குலேட்டர் வழுக்கத் தொடங்கிற நேரம் உயரத்த கிடைத் தூரத்தால பிரிச்சா அதுதான் மியூ. கிடை 25 சென்ரிமீற்றருக்கு உயரம் 10 எண்டா 0.4. கல்குலேட்டருக்கு அடியில ரப்பர் கால் இருந்தா கூட வரும், கழட்டிப்போடாதேங்கோ, பிறகு சோதனைக்குக் கொண்டுபோக ஆடிக்கொண்டு நிக்கும்.