பைக் யார், ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள்?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். வெளியே சொல்லக் கூடாத ஒரு பெயரை அலுவலகத்தில் ஒருவர் வாய் தவறி உளறிவிட்டார். உடனே பக்கத்தில் இருந்தவர் ‘டோன்ட் டெல் ஹிம், பைக்!’ என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மோட்டார் பைக்தான் ஞாபகம் வந்தது. என்னங்க அது?

பதில்: பைக் ஒரு பையன். 1968 முதல் 1977 வரை பிபிசியில் ஓடிய ‘டாட்ஸ் ஆர்மி’ தொடரில் வருகிறவன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி படையெடுத்து வந்தால் உள்ளூரிலேயே தடுக்க பிரிட்டனில் ‘ஹோம் கார்ட்’ என்று ஒரு படை வைத்தார்கள். ராணுவத்தில் சேர வயது தாண்டியவர்கள், தகுதி இல்லாதவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். அப்படி ஒரு படையைப் பற்றிய நகைச்சுவைத் தொடர்தான் இது, பைக்கும் அதில் ஓர் ஆள். 1973-ல் வந்த எபிசோடில், இவர்கள் காவலில் இருக்கும் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன், தன்னைச் சீண்டுகிறவர்களின் பெயரையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதி வைக்கிறான், ஜெயித்த பிறகு கணக்குத் தீர்க்க. ஹிட்லரைக் கிண்டலடித்துப் பாடிய பைக்கிடம் ‘உன் பெயர் என்ன?’ என்று கேட்க, அவனுடைய கேப்டன் மெயின்வரிங் பதறிப்போய் ‘சொல்லாதே, பைக்!’ என்கிறார். அவ்வளவுதான் ஜோக். இப்படி எழுதிப் படித்தால் சிரிப்பு வராது, தெரியும். அந்த மெயின்வரிங் வருடக்கணக்காக விறைப்பாக நின்று ஒவ்வொன்றிலும் சொதப்புவதைப் பார்த்து வந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியில் ஆள் முழுசாகத் தெரிவார். அடுத்த முறை ‘என்ன அர்த்தம்?’ என்று கேட்காதீர்கள், ‘எந்தத் தொடர்?’ என்று கேளுங்கள்.

கேள்வி: ‘ஸ்பாம்’ என்றாலே வயதான பிரிட்டிஷ்காரர்கள் பாட ஆரம்பித்துவிடுகிறார்களே?

பதில்: ‘மான்டி பைதன்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் 1970-ஆம் ஆண்டு டிவி காட்சி அது. ஓர் உணவகத்தில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கிறது, ‘எனக்கு ஸ்பாம் வேண்டாம்’ என்று ஒரு பெண் சொல்லச் சொல்ல, பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் வைக்கிங்குகள் (பழங்கால ஸ்காண்டிநேவியக் கடல் வீரர்கள்) ‘ஸ்பாம், ஸ்பாம்’ என்று பாடியே எல்லோர் பேச்சையும் அமுக்கிவிடுகிறார்கள். ஸ்பாம் என்பது அமெரிக்காவின் டப்பா இறைச்சி. போர்க் காலத்தில் பிரிட்டனில் வந்து இறங்கியது, போர் முடிந்தும் 1954 வரை அங்கே இறைச்சிக்கு ரேஷன். வேறு வழியில்லாமல் அதைத் தின்று சலித்த தலைமுறைதான் அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. குப்பை மின்னஞ்சலுக்கு இந்தப் பெயர் வந்ததும் இந்தக் காட்சியால்தான்.

கேள்வி: ஜெர்மன் நண்பர்கள் டிசம்பர் 31 அன்று ஓர் ஆங்கில நாடகம் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிரிட்டிஷ் நண்பரிடம் கேட்டால் முழிக்கிறார்!

பதில்: அவர் முழிப்பது நியாயம்தான். ‘டின்னர் ஃபார் ஒன்’ பிரிட்டிஷ் நடிகர்கள் நடித்தது, ஆனால் 1963-ல் ஹாம்பர்க்கில் பதிவு செய்து ஜெர்மன் டிவி ஓட்டியது. 90-வது பிறந்தநாள் கொண்டாடும் மிஸ் சோஃபி, எப்போதோ செத்துப்போன நான்கு நண்பர்களுக்கும் இலை போடாத குறையாக விருந்து வைக்கிறார், அவர்களுக்கான மதுவை எல்லாம் பட்லர் ஜேம்ஸ் குடித்துத் தள்ளாடுகிறார், தரையில் கிடக்கும் புலித்தலையில் திரும்பத் திரும்பத் தடுக்குகிறார். ‘போன வருஷம் போலவேதானா?’ என்று அவர் கேட்கும் வரி ஜெர்மனியில் எல்லோருக்கும் மனப்பாடம். சுமார் 18 நிமிடம்தான், பார்த்துவிடுங்கள்; தொடக்கத்தில் அறிவிப்பாளர் ஜெர்மனில் பேசுவதைத் தாண்டிவிட்டால் மிச்சம் எல்லாம் ஆங்கிலம்.