போன பயணம் சொல்லித் தந்தது: கோடைக்கால வெளிநாட்டுப் பயணம், கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘போன தடவை இப்படி ஆகிவிட்டது’ என்றுதான் தொடங்குகின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சி. பட்ட பாட்டைச் சொன்னால்தான் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் பதிலை என்னால் சொல்ல முடியும்.

மாமனார், மாமியாருடன் சென்ற ஆண்டு சிங்கப்பூர் போனோம். ஐந்து நாளும் ஓட்டம்தான். வரும் மே இறுதியில் அதே நால்வரும் ஐரோப்பா போகிறோம். பன்னிரண்டு நாளில் ஏழு நாடு என்கிறார் ஏஜெண்ட். சரிப்பட்டு வருமா? (வாசகி, மார்த்தாண்டம்)

வராது. பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே நாள் போய்விடும்.

சிங்கப்பூரில் எடுத்த படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு எடுத்தது என்று பாருங்கள். இப்படி ஒரு குடும்பத்தின் படங்களை நான் பார்த்தேன். காலைப் படங்களில் பாட்டி நடுவில் நிற்கிறார். இரண்டு மணிக்கு மேல் எடுத்த ஒன்றில்கூட அவர் நிற்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி வைத்திருக்கிறார். கூட இருந்த யாரும் அதை அப்போது கவனிக்கவில்லை. உங்கள் மாமியாருக்கும் அப்படி ஒரு மணி இருக்கும். அதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

பாரிஸும் சுவிட்சர்லாந்தும் போதும். பாரிஸிலிருந்து சூரிச்சுக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நம் ஊரில் ஆறரைக்கெல்லாம் இருட்டத் தொடங்குவதால், அதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கிறோம். மே இறுதியில் பாரிஸில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை தாண்டும். மதியம் அறைக்குத் திரும்பி நன்றாகத் தூங்கி எழுந்து, ஐந்து மணிக்குக் கிளம்பினாலும் நான்கு மணி நேர வெளிச்சம் மிச்சம் இருக்கிறது.

இந்த இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா போதும், அதன் பெயர் ஷெங்கன் விசா. அதற்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும். சில நேரம் 45 நாள் வரை இழுக்கும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

மே மாதம் சிங்கப்பூர் பயணம். பாஸ்போர்ட் அக்டோபர் வரை செல்லும். போதுமா? (வாசகர், குளச்சல்)

போதாது. ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். இன்றே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். செல்லுபடியாகும் விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அதையும் பத்திரமாகக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

துபாயில் இருக்கும் மகளுக்குக் கொண்டுபோன கொப்பரையை விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். இந்த முறை எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்? (வாசகி, தக்கலை)

மகளுக்காக வெயிலில் காயவைத்து எடுத்த கொப்பரை போனால் மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதில் எண்ணெய்ச்சத்து அதிகம். தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால்தான் தடை.

கொப்பரையைவிட எனக்குக் கவலை தருவது கசகசா. குருமாவுக்கு நாம் சாதாரணமாக அரைக்கும் அதே கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், வழக்கே வரலாம். மசாலாப் பொடியில் கலந்தும் கொண்டுபோகாதீர்கள். டிரமடால் உள்ள வலி மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் அங்கே முன்அனுமதி வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். நேந்திரங்காய் சிப்ஸைத் தாராளமாகக் கொண்டுபோங்கள்.

போன ஜூனில் திருவனந்தபுரம் போகும் வழியில் நெரிசலில் மாட்டி விமானத்தைத் தவறவிட்டோம். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? (வாசகர், நாகர்கோவில்)

நானும் ஒரு முறை களியக்காவிளையில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறேன். அன்றிலிருந்து பகல் விமானம் என்றால் ஏழு மணி நேரம் முன்பே வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். பாலராமபுரத்தைத் தாண்டும்வரை நிம்மதி கிடையாது.

டாக்சி ஓட்டுநரிடம் ‘ஏர்போர்ட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பன்னாட்டு முனையம் சாக்கையில், உள்நாட்டு முனையம் சங்குமுகத்தில்; ஓடுபாதையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மும்பை, டெல்லி வழியாகப் போகிறவர்கள் எந்த முனையம் என்று டிக்கெட்டில் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.