சின்தசைசர் வாங்கத் தவணை எடுக்கலாமா?

கேள்வி: வயது 33. அலுவலக வேலை, நாள் முழுக்கத் திரைக்கு முன்னால்தான். இரண்டு வருடமாக லேப்டாப்பில் மின்னணு இசை செய்து பார்க்கிறேன். இப்போது கையால் தொட்டுத் திருகி வாசிக்கிற மாதிரி ஒரு சின்ன சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி), ஒரு ட்ரம் மெஷின், ஆடியோ இன்டர்ஃபேஸ் (கருவியின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி), ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், (பாடுவதில்லை, இருந்தாலும் இருக்கட்டுமே என்று) ஒரு மைக், எல்லாவற்றையும் ஒரே ஆர்டராகப் போட நினைக்கிறேன். மொத்தம் ஒன்றரை மாதச் சம்பளம். கிரெடிட் கார்டில் 12 மாத வட்டியில்லாத் தவணை, தள்ளுபடி ஞாயிறோடு முடிகிறது. வண்டிக் கடன் ஓடுகிறது, கையில் இருப்பது ஒரு மாதச் செலவுக்குக்கூட வராது. ஆனால் நல்ல சின்த் பின்னால் விலை ஏறும் என்கிறார்கள், இசையை விற்றும் தவணையைக் கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. வாங்கலாமா?

பதில்: சின்தசைசர் வாங்குங்கள். இந்த ஆர்டரைப் போடாதீர்கள். இரண்டையும் சேர்த்தேதான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கேள்விக்கு "லேப்டாப்பிலேயே எல்லாம் வருமே, எதற்கு வீண் செலவு" என்று பதில் சொல்பவர்கள் உண்டு, அது எனக்கு ஒப்புதல் இல்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வந்தவர் இரவில் திரை இல்லாமல் ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபில்டர் நாப்பைத் திருகி ஒலி மாறுவதைக் கேட்க ஆசைப்படுவது நியாயமான ஆசை, அதற்குப் பணம் ஒதுக்கலாம்.

முதலில் கணக்கு. நீங்கள் அனுப்பிய விவரத்தில் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் வீட்டுச் செலவு 62, வண்டித் தவணை 14, மிச்சம் 24. சேமிப்பு 60. கருவிகள் 150, அதாவது மாதம் பன்னிரண்டரை. கட்ட முடியும்தான். ஆனால் ஒரு வருடத்துக்கு மாதம் பதினொன்றரைதான் மூச்சுவிட இடம், அதற்குள் ஒரு மருத்துவச் செலவோ வேலை மாற்றமோ வந்தால் முதலில் நிற்பது இந்தத் தவணையாகத்தான் இருக்கும். கட்டாமல் விட்ட பாக்கிக்குக் கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வைத்தால்கூட வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். அப்புறம், "வட்டியில்லா" என்ற சொல்லை அப்படியே நம்பாமல் கடையில் ஒன்று கேளுங்கள்: முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் என்ன விலை? குறைத்துத் தருகிறேன் என்றால் அந்த வித்தியாசம்தான் வட்டி. பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை ஏறும் என்பது. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சின்தசைசரின் கதையைக் கேட்டுத்தான் பலர் இப்படிச் சொல்கிறார்கள். 1981-ல் வந்தது, விற்கவில்லை, 1984-ல் நிறுத்திவிட்டார்கள், பிறகு சிகாகோ இளைஞர்கள் அதைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையை உருவாக்கியதும் விலை எங்கோ போய்விட்டது. உண்மைதான். ஆனால் அன்றைக்கு அது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதே காலத்தில் வந்த எத்தனையோ பெட்டிகளுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இன்றைக்குக் கடையில் நிற்கும் சின்னக் கருவிகள் பெருமளவில் தயாராகிறவை, புதிய பதிப்பு வந்தால் பழையதின் விலை இறங்கும். கோர்க் வோல்கா எஃப்எம் என்ற சின்ன சின்தசைசர் 2016-ல் ஒரே நேரத்தில் 3 சுரங்கள் ஒலிக்கும்படி வந்தது, 2022-ல் அதன் இரண்டாம் பதிப்பு 6 சுரங்கள் ஒலிக்கும்படி வந்தது. முதல் பதிப்பைப் புதிதாக வாங்கி வைத்திருந்தவருக்கு அது எந்த வகை முதலீடு?

அதே விஷயம் செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்குச் சாதகம். இதுதான் உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான பதில். ஒரு சின்த்தின் உண்மையான செலவு, வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. அதே சம்பளம் 100 கணக்கில், 45-க்குப் புதிதாக வாங்கி எட்டு மாதம் கழித்து 28-க்கு விற்றால் 17 போனது, மாதத்துக்கு இரண்டுக்கு மேல். அதையே ஒருவர் பயன்படுத்தியதாக 30-க்கு வாங்கி 27-க்கு விற்றால் எட்டு மாத அனுபவத்துக்கு 3. முதல் சின்த் பலருக்கும் கடைசி சின்த்தாக இருப்பதில்லை, எது பிடிக்கும் என்பது வைத்து வாசித்தால்தான் தெரியும், அதனால் முதல் கருவியைத் திரும்ப விற்கப் போகிற பொருளாகவே நினைத்து வாங்குங்கள், அட்டைப் பெட்டியைக்கூடத் தூக்கி எறியாமல்.

பழையதாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பொது மொழியான மிடி 1983-ல் வந்தது, அன்றைய கருவியும் இன்றைய கருவியும் இன்னமும் அதே மொழியில் பேசிக்கொள்கின்றன. ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக் என்ற சின்தசைசர் 2019-ல் வந்தது, அதற்குப் பிறகு இலவச அப்டேட்டுகளிலேயே புதுப் புது ஆஸிலேட்டர் (மூல ஒலியை உண்டாக்கும் பகுதி) வகைகள் சேர்ந்துகொண்டே போயின.

வாங்கும்போது நேரில் போய் ஒவ்வொரு கீயையும் அழுத்துங்கள், ஒவ்வொரு நாப்பையும் மெதுவாகத் திருகுங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ கருவியின் திரையில் எண் முன்னும் பின்னும் குதித்தாலோ அது பழுதுச் செலவு, விலையில் குறையுங்கள். ஹெட்போன் துளை, வெளியீடு, மிடி, யுஎஸ்பி எல்லாவற்றையும் சோதியுங்கள். கருவியோடு இலவசமாக வந்த மென்பொருளை முதல் உரிமையாளர் ஏற்கனவே தன் பெயரில் பதிவு செய்திருக்கலாம், அதற்கு விலை சேர்த்துக் கொடுக்காதீர்கள். அடாப்டர் ரொம்ப முக்கியம். வோல்காவும் கிட்டார் பெடலும் 9 வோல்ட்தான், ஆனால் வோல்கா அடாப்டரில் முனையின் நடுப்பகுதி பாசிட்டிவ், பெரும்பாலான பெடல் அடாப்டர்களில் நெகட்டிவ். வீட்டில் கிடந்த ஒன்றைச் செருகினால் கருவி கெட்டுப்போகலாம். எது வேண்டும் என்பதைக் கருவியிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள்.

இப்போது உங்கள் பட்டியல். மைக்கை அடித்துவிடுங்கள், பாடத் தொடங்கினால் அப்போது பார்க்கலாம். மானிட்டர் ஸ்பீக்கரும் இப்போது வேண்டாம்: சின்ன வெறும் அறையில் சுவர்கள் கீழ் ஸ்தாயி ஒலியை ஓரிடத்தில் பெருக்கும், இன்னோரிடத்தில் விழுங்கும், நல்ல ஸ்பீக்கர் வாங்கினாலும் நீங்கள் கேட்பது பாதி அறையைத்தான். உங்களிடம் ஏற்கனவே ஹெட்போன் இருக்கிறது. ட்ரம் மெஷினும் சின்த்தும் ஒரே நாளில் வருவதில் எனக்குப் பெரிய தயக்கம். ஸ்டீரியோவில் பதிவு செய்ய ஒரு கருவிக்கே இன்டர்ஃபேஸில் 2 உள்ளீடு போய்விடும், இரண்டாவது கருவி வந்ததும் பெரிய இன்டர்ஃபேஸோ மிக்ஸரோ வேண்டும், பிறகு கேபிள், ஸ்டாண்ட், இன்னொரு அடாப்டர். உங்கள் 150-ல் இதில் எதுவுமே இல்லை, கவனித்தீர்களா? இந்த உதிரிச் செலவில்தான் பட்ஜெட் ஓட்டையாகிறது என்று நான் பலரிடம் பார்த்துவிட்டேன்.

சரி, எப்படிச் செய்யலாம். மிச்சமாகும் 24-ல் 18 அவசரக்கால நிதிக்கு, 6 இசைக்கு. மூன்று மாதச் செலவும் வண்டித் தவணையும் சேர்ந்தால் 228, உங்களிடம் 60 இருக்கிறது, மாதம் 18 போட்டால் பத்தாவது மாதத்தில் நிரம்பிவிடும். இசைப் பணம் தனிக் கணக்கில் சேரட்டும், ஐந்தாவது மாதம் அதில் 30 இருக்கும், ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் சின்த் வாங்கிவிடலாம், இன்னும் இரண்டு மாதத்தில் இன்டர்ஃபேஸ். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. லேப்டாப்பிலேயே ஓடும் மென்பொருள் சின்தசைசர்கள் இருக்கின்றன: சர்ஜ் எக்ஸ்டி இலவசம், வைட்டலில் இலவசப் பதிப்பு இருக்கிறது, 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசரின் எஃப்எம் (ஓர் அலையால் இன்னொன்றை மாற்றி ஒலி செய்யும் முறை) ஒலியை டெக்ஸ்ட் (Dexed) இலவசமாகத் தருகிறது. ஆயத்த ஒலிகளைத் தொடாமல் வெறும் ஒலியிலிருந்து நீங்களே செய்து பாருங்கள். எஃப்எம் உங்களுக்கு எரிச்சலா, ஃபில்டரோடு விளையாடுவதுதான் சுகமா, சீக்வென்சர் (பதிந்த சுரங்களை வரிசையாகத் தானே வாசிக்கும் பகுதி) இல்லாமல் முடியாதா என்று ஐந்து மாதத்தில் தெரிந்துவிடும், அது தெரியாமல் வாங்குபவர்கள்தான் முதல் சின்த்தைச் சீக்கிரம் விற்கிறார்கள்.

இசையை விற்று வரும் வருமானத்தை இப்போதைக்குக் கணக்கில் சுழியம் என்று போடுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் ஏதாவது வந்தால் அதில் பாதியை அந்த இசைக் கணக்கில் சேருங்கள், ட்ரம் மெஷினை அந்தப் பணம் வாங்கட்டும்.

மனைவியிடம் இன்றே சொல்லுங்கள், இந்த எண்களோடு. மாதம் 6 என்று இருவரும் பேசி ஒதுக்கினால் அப்புறம் ஒவ்வொரு கேபிளுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது, பார்சலை ஒளிக்கவும் வேண்டியிருக்காது. பார்சலை ஒளித்து வைத்து வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும், அவர்களால் அந்தக் கருவியை வீட்டில் நிம்மதியாக வாசிக்கக்கூட முடிந்ததில்லை.

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் ஆர்டர் போட்டுவிட்டீர்கள் என்றால், அனுப்புவதற்கு முன்பே ரத்து செய்யப் பாருங்கள். வந்துவிட்டால் சீல் உடைக்காமல் திருப்பி அனுப்பும் கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் தவணை தானாக நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், கடை பணத்தைத் திருப்பியதும் கார்டு நிறுவனத்தை அழைத்துத் தவணையை மூடச் சொல்லி, மூடியதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.