குவாதலூப்: கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விடுங்கள்

கேள்வி: பாரிஸில் இருக்கும் என் மகன், டிசம்பரில் எங்களைக் கரீபியன் தீவான குவாதலூப்புக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். 24ஆம் தேதி போய் ஒரு வாரம் இருக்கலாமாம். எங்களிடம் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருக்கிறது, போதுமா? கடற்கரையைத் தவிர அங்கே என்ன பார்க்கலாம்?
- வாசகி, காரைக்கால்

பதில்: போதாது. அது பிரான்சின் மாவட்டம்தான், யூரோதான் செல்லும், ஆனாலும் ஷெங்கனுக்குள் வராது. கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்கான விசாவும் வேண்டும்.

தேதியையும் மாற்றச் சொல்லுங்கள். அந்த ஊர்க் கிறிஸ்துமஸின் உயிரே 'ஷாந்தே நுவெல்'தான். நவம்பர் கடைசியிலிருந்தே ஒவ்வொரு வார இறுதியிலும் யார் வீட்டு முற்றத்திலாவது கூடி, பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய பிரெஞ்சு கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடி, நடுநடுவே உள்ளூர்ப் பேச்சான கிரியோல் மொழியில் குறும்பாகப் பல்லவி சேர்த்து, 'கா' மேளம் அடித்து இரவு வெகுநேரம் வரை கொண்டாடுவார்கள். 24ஆம் தேதியோடு அது முடிந்துவிடும், நீங்கள் இறங்கும்போது அவரவர் வீட்டுக்குள் விருந்து நடந்துகொண்டிருக்கும். விருந்தில் பன்றித் தொடைக்கறியும் பச்சைத் துவரையும் கட்டாயம் உண்டு. ஆமாம், நம்ம துவரையேதான்.

இன்னொரு விஷயம், உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது முக்கியம். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து ஆட்களைக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் 'ஒரேலி' அங்கே போய்ச் சேர்ந்தது 1854 டிசம்பர் 24 அன்று. அவர்கள் வழிவந்தவர்களின் ஷாங்ஜி கோயில் கபெஸ்தேர் ஊரில் இருக்கிறது, அவசியம் போங்கள். அங்கே கறிக்குழம்புக்குப் பெயர் 'கொலம்போ'. மஞ்சள், மல்லி, வெந்தயம் எல்லாம் போட்டிருப்பார்கள், காரம்தான் உங்களுக்குப் பத்தாது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே கார்பே அருவிகள், இரண்டாவது அருவி மட்டுமே 110 மீட்டர். 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலைக்கு மகனை மட்டும் அனுப்புங்கள், உச்சியில் பெரும்பாலும் மேகமும் காற்றும்தான். பாயிண்ட்-அ-பித்ர் நகரில் மசாலா சந்தையும், பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் திறந்த அடிமை வரலாற்று அருங்காட்சியகமும் பாருங்கள், பின்னதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பவே கூடாது, வாடகைக் காரை இப்போதே பிடித்துவிடுங்கள்.

ஒரு நாள் படகேறி லே சேந்த் தீவுகளுக்குப் போய்வாருங்கள். படகுத்துறையிலேயே தேங்காய்ப் பூரணம் வைத்த சின்னக் கேக்கைக் கூடையில் வைத்து விற்பார்கள். அதன் பெயருக்கு அர்த்தம் 'காதல் வேதனை'. ஒன்றோடு நிறுத்த முடியாது, நாலைந்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.